பசியோடு பட்டிக்கு வந்த மந்தை: யூட்டாவின் மில்க்வீட் நச்சு, ஒரு நிகழ்வு ஆய்வு

"டாக்டர், ஆடெல்லாம் மொத்தமா விழுந்து கெடக்கு" என்று யாராவது வந்து நின்றால், "என்ன தின்னுச்சு?" என்றுதான் வாயில் முதலில் வரும். நானும் பல வருஷம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்கிறேன்: "அண்ணே, அதுக்கு முன்னாடி கடைசியா எப்ப வயிறு நிறைய மேஞ்சுது?" கேள்வியை மாற்ற வைத்தது நம் ஊர்ச் செடி இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வறண்ட வெளியில், வாய்க்கால் ஓரங்களில் நிற்கும் ஒல்லியான ஒரு செடி. நூறு வருஷத்துக்கு முன் அதன்மேல் நடந்த விசாரணையைப் படித்தபோதுதான், நச்சுச்செடிச் சாவுகளில் நான் தப்பான முனையிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் மந்தை ஒரே நாளில் ஒரே பண்ணையில் செத்த மந்தை அல்ல. மேற்கு அமெரிக்காவின் கால்நடை நச்சியல் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் வடிவத்தை ஒரு மந்தையாகக் கட்டி எழுதியிருக்கிறேன். செடி, விசாரணை, அளவுகள் எல்லாம் பதிவில் உள்ளவை.

செடி

மில்க்வீட் என்பது ஒற்றைச் செடியின் பெயர் இல்லை. அஸ்கிலீப்பியஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த செடிகளை அங்கே பொதுவாக அப்படிச் சொல்கிறார்கள். வட அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. கிள்ளினால் பால் வடியும். காய் வெடித்தால் விதைகள் பட்டுப் போன்ற பஞ்சைப் பிடித்துக்கொண்டு பறக்கும். எருக்கைப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை, ஏனென்றால் எருக்கும் இதுவும் ஒன்றுவிட்ட சொந்தம். அரளியும் அதே குடும்பம்தான். கிரேக்கர்களின் வைத்தியக் கடவுள் பெயரை இந்தப் பேரினத்துக்கு வைத்தவர் லின்னேயஸ். ஆட்டுக்காரர்களைக் கேட்டிருந்தால் வேறு பெயர் சொல்லியிருப்பார்கள்.

நமது வழக்கில் முதல் ஆள் அஸ்கிலீப்பியஸ் சப்வெர்டிசில்லாட்டா. ஆங்கிலத்தில் குதிரைவால் மில்க்வீட் என்று சொல்வார்கள். யூட்டா, கொலராடோ, அரிசோனா, நியூ மெக்ஸிகோ எங்கும் இருக்கிறது. எருக்கின் தடித்த, வெண்பூச்சு படிந்த இலையை மனசில் வைத்துக்கொண்டு இதைத் தேடினால் கிடைக்காது. இலை நூல் மாதிரி இருக்கும், விரல் நீளம், அவ்வளவுதான். தண்டின் ஒவ்வொரு கணுவிலும் மூன்று, நான்கு இலைகள் வட்டமாகச் சுற்றி நிற்கும். உச்சியில் வெள்ளையும் லேசான பச்சையுமாகக் குட்டிக் குட்டிப் பூக்கள் குடை விரித்தாற்போல இருக்கும். காயும் ஒல்லி. தூரத்திலிருந்து பார்த்தால் புல்லுக்கு நடுவே கொஞ்சம் உயரமாக வளர்ந்த இன்னொரு புல் என்றே தோன்றும்.

தரைக்கு மேலே தெரிவது பாதிதான். மண்ணுக்குள் வேர் படுக்கையாக ஓடி, அங்கங்கே புதுத் தண்டை மேலே அனுப்பும். அதனால் தனிச் செடியாக நிற்பது குறைவு. கொத்துக் கொத்தாக, திட்டுத் திட்டாக நிற்கும். உழுதால் வேர் துண்டுபடும், துண்டுகள் முளைத்துத் திட்டு பெரிதாகும். மழை பொய்த்த வருஷத்திலும் புல் காய்ந்த பிறகு இது பச்சையாகவே நிற்கும். வெள்ளைக்காரக் குடியேறிகள் பள்ளத்தாக்குகளில் வாய்க்கால் வெட்டிப் பாசனம் தொடங்கியபோது இதற்கு யோகம் அடித்தது. வாய்க்கால் கரை, தோட்ட வேலி, சாலை ஓரம், அதிகம் மேய்ந்து மொட்டையடித்த நிலம், இங்கெல்லாம் இது பரவியது. அதே வாய்க்கால் ஓரமாகத்தான் மந்தைகளும் நடந்தன.

சலைனா

யூட்டாவின் நடுப்பகுதியில் சலைனா என்று சின்ன ஊர் ஒன்று. அதையொட்டிய மலையிடுக்கில் 1915-இல் அமெரிக்க வேளாண் துறை, கால்நடைகளைக் கொல்லும் செடிகளுக்காகவே ஒரு சோதனை நிலையம் அமைத்தது. பொறுப்பாளர் சார்லஸ் டுவைட் மார்ஷ். மனிதர் ஆரம்பத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் சம்பந்தமில்லாதவர். விஸ்கான்சின் மாநிலத்து ரிப்பன் கல்லூரியில் பேராசிரியராக இருந்துகொண்டு, ஏரித் தண்ணீரில் வாழும் கோப்பிபாட் என்ற பொடி உயிரிகளை எண்ணிக்கொண்டிருந்தவர். பிறகு மாடுகளையும் குதிரைகளையும் பைத்தியம் பிடித்தாற்போல ஆக்கும் லோக்கோ செடியை ஆராய அரசு வேலைக்கு வந்து, அதிலிருந்து மீளவே இல்லை.

பொடி உயிரிகளை எண்ணிய பழக்கம் இங்கே உதவியது என்று எனக்கு ஒரு எண்ணம். அதுவரை நச்சுச்செடி விஷயத்தில் பேச்சு என்பது "இது விஷம்" அல்லது "இது விஷமில்லை" என்ற அளவில்தான் இருந்தது. மேய்ச்சல்காரர் ஒரு செடியைக் காட்டுவார், பக்கத்து மேய்ச்சல்காரர் அதையே தன் ஆடு தினமும் தின்கிறது என்பார். மார்ஷ் குழு தராசை எடுத்தது. செடியை நிறுத்தார்கள், ஆட்டையும் நிறுத்தார்கள். இத்தனை எடையுள்ள ஆட்டுக்கு இத்தனை எடை செடி என்று கொடுத்துவிட்டு, எத்தனை மணிக்கு முதல் தள்ளாட்டம் வந்தது, எத்தனை மணிக்கு விழுந்தது, பிழைத்ததா என்று குறித்தார்கள். இரண்டு மேய்ச்சல்காரர்களும் சொன்னது உண்மைதான், ஒரு வாய் தின்ற ஆடும் வயிறு முட்டத் தின்ற ஆடும் வேறு வேறு என்பது இப்படித்தான் தெரியவந்தது.

1920-இல் மார்ஷ், கிளாசன், கௌச், எகிள்ஸ்டன் நால்வரும் சேர்ந்து இந்த மில்க்வீட் பற்றி வேளாண் துறை வெளியீடாக அறிக்கை கொடுத்தார்கள். அப்போது செடியின் பெயர் அஸ்கிலீப்பியஸ் காலியாய்டிஸ் என்று இருந்தது. தாவரவியலாளர்கள் பின்னால் பெயரை மாற்றிவிட்டார்கள், அதனால் பழைய தாள்களைத் தேடுபவர்கள் அந்தப் பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும். குழுவில் வேதியியலாளர் கௌச். செடியிலிருந்து பிசின் போன்ற ஒரு நச்சுப் பொருளைப் பிரித்து, கேலிடாக்சின் என்று பெயரிட்டு 1929-இல் எழுதினார்.

ஒரு மந்தை எப்படி விழுகிறது

யூட்டாவில் செம்மறி வளர்ப்பு நம் ஊர்க் கீதாரிகளின் நடைபோல ஒரு நடைதான், தூரம் மட்டும் அதிகம். கோடையில் மந்தை மலைமேல் உயரப் புல்வெளியில் இருக்கும். பனி விழும் முன் இறக்கி, பள்ளத்தாக்கு வழியாகக் குளிர்காலத்துக்குப் பாலைநிலத்துப் புதர்வெளிக்கு ஓட்ட வேண்டும். மலையிலும் தீவனம் உண்டு, பாலையிலும் உண்டு. நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கில்தான் வேலி போட்ட வயல்களும், இரண்டு வேலிக்கு நடுவே குறுகலான பாதையும். முன்னால் போன மந்தைகள் அந்தப் பாதையின் புல்லை ஏற்கெனவே சுரண்டிவிட்டிருக்கும். பகலெல்லாம் நடை. மந்தையை நிறுத்தினால் வயல்காரன் சண்டைக்கு வருவான்.

சாயங்காலம் மந்தையை ஒரு பட்டியில் அடைக்கிறார்கள். பட்டி ஓரமாக வாய்க்கால், கரையில் மில்க்வீட். மேய்ப்பவரும் நாயும் களைத்துப்போய்ப் படுத்துவிட்டார்கள். சுற்றி வேறு பச்சை எதுவும் இல்லை.

சாதாரண நாளாக இருந்தால் அந்த ஆடுகள் இந்தச் செடியை முகர்ந்துவிட்டுப் போயிருக்கும். மில்க்வீட் ஆட்டுக்குப் பிடித்தமான தீனி இல்லை. கசக்கும், பால் வாயில் பிசுபிசுக்கும். நம் ஊரிலும் பச்சை எருக்கைத் தாண்டிப் போகும் வெள்ளாடு, கடும் கோடையில் கீழே காய்ந்து கிடக்கும் எருக்கிலையை மெல்லுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆட்டின் வாய்க்கு ருசி என்பது வயிற்றின் நிலையைப் பொறுத்தது.

சில மணி நேரத்தில் ஆரம்பிக்கும். முதலில் சில ஆடுகள் ஒதுங்கி நிற்கும். தலை தொங்கும், நடக்கச் சொன்னால் பின்கால் பின்னும், குடிகாரன் மாதிரி ஒரு பக்கமாகச் சாயும். இந்த நேரத்தில் வந்து பார்ப்பவர் களைப்பு என்று நினைத்துக்கொள்வார், நியாயம்தான், முந்தின நாள் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறது. அப்புறம் ஆடு கீழே விழும், எழுந்திருக்கப் பார்க்கும், முடியாது. உடம்பு நடுங்கும். பிறகு வலிப்பு. கால்கள் விறைக்கும், தலை முதுகுப் பக்கம் வளையும், தரையில் கிடந்தபடியே நான்கு காலும் ஓடும். வலிப்பு விட்டு விட்டு வரும். நடுவில் மூச்சு கனமாகி, ஒவ்வொரு தடவை மூச்சை வெளியே விடும்போதும் ஒரு முனகல் கேட்கும். கண்ணைத் திறந்து பார்த்தால் கண்மணி விரிந்திருக்கும். நாடி வேகமாகவும் பலவீனமாகவும் ஓடும். உடம்பு சுடும், வயிறு உப்பும். கடைசியில் மூச்சு நின்று சாகும். விழுந்த சில மணி நேரத்திலும் போகலாம், இரண்டு மூன்று நாள் இழுத்தும் போகலாம்.

குதிரையில் வயிற்று வலி முன்னால் தெரியும். மாடு, வெள்ளாடு, கோழி எதுவும் விலக்கில்லை. ஆனால் பெரிய எண்ணிக்கையில் செத்தது எப்போதும் செம்மறிதான். அது செம்மறியின் பலவீனம் என்று நான் நினைக்கவில்லை. பெரிய கூட்டமாக, பசியோடு, ஒரே இடத்தில் அடைக்கப்படுவது செம்மறிதான்.

அறுத்துப் பார்த்தால்

ஏமாற்றம். நுரையீரலில் ரத்தத் தேக்கம், சிறுநீரகத்தில் கொஞ்சம், குடலின் உட்சுவர் லேசாகச் சிவந்திருக்கும். இதெல்லாம் வேறு நூறு காரணத்தாலும் வரும். "இது மில்க்வீட்" என்று எந்த உறுப்பும் எழுதி வைக்காது.

எழுதி வைப்பது முதல் இரைப்பை. அதைத் திறந்து, உள்ளே இருப்பதை வாளித் தண்ணீரில் அலசி, வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்க்க வேண்டும். நாற்றம் தாங்க முடியாத வேலைதான். இந்த வகை மில்க்வீட்டின் இலைத்துண்டு புல் மாதிரி இருக்கும் என்பதால் அவசரப்பட்டால் தவறிவிடும். புல்லின் இலையில் நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும், இதிலோ நடுவில் ஒரே நரம்பு, ஓரம் கீழ்ப்பக்கமாகச் சுருண்டிருக்கும். கைலென்ஸ் போதும். துண்டு ரொம்பச் சிதைந்திருந்தால் நுண்ணோக்கியிலும் இரசாயனச் சோதனையிலும் பார்க்கலாம். அதே நேரத்தில் பட்டியைச் சுற்றி நடந்து, எந்தச் செடியில் புதிய கடி தெரிகிறது என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் வழக்கு நிற்கும்.

யூட்டாவில் சந்தேகப்பட வேறு ஆட்கள் நிறைய. வாய்க்கால் ஓரத்திலேயே நிற்கும் வாட்டர் ஹெம்லாக் என்ற செடியும் பலமான வலிப்பைத் தரும். ஆனால் அதில் கிழங்குதான் ஆபத்து, பெரும்பாலும் வசந்தத்தில் ஈர மண்ணிலிருந்து பிடுங்கித் தின்னும்போது நடக்கும், சாவும் இன்னும் வேகம். ஹாலோஜீட்டன் என்ற வெளிநாட்டுக் களை ஆக்சாலிக் உப்பால் ரத்தத்தில் கால்சியத்தை இறக்கிவிடும். அதுவும் பசித்த மந்தையைத்தான் பிடிக்கும். அப்புறம் 1968 மார்ச்சில் ஸ்கல் வேலி என்ற இடத்தில் சுமார் 6,000 ஆடுகள் விழுந்தன. பக்கத்து டக்வே ராணுவத் தளத்தில் அந்த நாட்களில்தான் விஎக்ஸ் என்ற நரம்பு நச்சை விமானத்திலிருந்து தெளித்துப் பார்த்திருந்தார்கள். ஆகவே யூட்டாவில் மந்தை விழுந்தால் வாய்க்கால் கரையோடு வானத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. கிண்டல் இல்லை.

எவ்வளவு தின்றால்

தராசு வேலையின் பலன் இங்கே தெரிகிறது. குதிரைவால் மில்க்வீட் பச்சையாக, ஆட்டின் உடல் எடையில் சுமார் 0.2 சதவீதம் உள்ளே போனால் போதும். 50 கிலோ ஆட்டுக்கு 100 கிராம். கடுமையான மில்க்வீட் இனங்களில் ஒன்றை, சராசரி ஆடு 30 முதல் 90 கிராம் பச்சை இலை தின்றாலே செத்துப்போகலாம் என்று வேளாண் துறையின் கையேடுகள் எச்சரிக்கின்றன. காய்கறிக் கடையில் கொசுறாகக் கிடைக்கும் கொத்தமல்லி அளவு. பசித்த ஆட்டுக்கு அது சில நிமிஷ வேலை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அஸ்கிலீப்பியஸ் லாப்ரிஃபார்மிஸ். கிழக்கு யூட்டாவின் மணல்வெளியிலும் ஓடைப் படுகையிலும் மட்டும் வளர்வது, உலகில் வேறெங்கும் இல்லை. சால்ட் லேக் சிட்டியில் வாழ்ந்த மார்கஸ் ஜோன்ஸ் என்ற தாவரவியலாளர் 1890-களில் அதற்குப் பெயர் வைத்தார். சுரங்கத் தொழிலிலும் ஒரு கால் வைத்திருந்த மனிதர், மேற்குப் பாலையெங்கும் சுற்றியவர். இந்தச் செடிக்கு ஆட்டின் எடையில் 0.05 சதவீதம் போதும். 50 கிலோ ஆட்டுக்கு 25 கிராம், ஒரு பிடி. மில்க்வீட்களிலேயே இதுதான் கடுமையானது என்று சொல்கிறார்கள். ஆனாலும் மொத்த இழப்பில் பெயர் வாங்கியது குதிரைவால்தான். காரணம் எளிது. லாப்ரிஃபார்மிஸ் மணலில் தூரத்தில் நிற்கிறது, குதிரைவால் பட்டியின் வாசலிலேயே நிற்கிறது.

மறுபக்கம், அகன்ற இலையும் இளஞ்சிவப்புப் பூவுமாக அழகாக நிற்கும் ஷோயி மில்க்வீட் இனத்தால் சாக வேண்டுமென்றால் ஆடு பல மடங்கு அதிகம் தின்றாக வேண்டும். எல்லா மில்க்வீட்டையும் ஒரே தட்டில் வைத்து "விஷச்செடி" என்று சொல்லும் பட்டியல்கள் மேய்ச்சல்காரருக்கு உதவாது. எது தன் நிலத்தில் நிற்கிறது என்பதுதான் அவருக்கு வேண்டும்.

இரண்டு விதமான விஷம்

மேலே நான் விவரித்த வலிப்பு, ஒல்லி இலை மில்க்வீட்களின் கையெழுத்து. அகன்ற இலைக்காரர்கள் வேறு வழியில் கொல்கிறார்கள். அவற்றில் இருப்பது கார்டினோலைடு என்ற வகை. இதய நோய்க்காரர்கள் சாப்பிடும் டிகாக்சின் மாத்திரையின் சொந்தம்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்ப் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கார்டினோலைடு அந்த பம்பின் வாயில் போய் உட்கார்ந்துகொள்ளும். செல்லுக்குள் சோடியம் ஏறும், அதைத் தொடர்ந்து கால்சியமும் ஏறும். இதயத் தசை முதலில் பலமாகச் சுருங்கும், அளவு கூடினால் தாளம் தவறும். மருந்தும் விஷமும் ஒரே பொருள், நடுவில் மெல்லிய இடைவெளிதான். அரளி விதை தின்று ஆஸ்பத்திரிக்கு வருபவர்களைப் பார்த்த எந்த டாக்டருக்கும் இது தெரியும். இலங்கையில் மஞ்சள் அலரி விதை விழுங்கியவர்களுக்கு டிகாக்சின் எதிர்ப்புப் புரதத் துண்டுகளை ஊசியாகக் கொடுத்துப் பலன் கண்ட ஆய்வு 2000-இல் வந்தது. ஆட்டு மந்தைக்கு அதைக் கொடுப்பதைப் பற்றிப் பேசினால் கணக்குப்பிள்ளை சிரிப்பார்.

லாப்ரிஃபார்மிஸின் பெயரிலிருந்தே லாப்ரிஃபார்மின் என்ற கார்டினோலைடுக்குப் பெயர் வந்தது. மில்க்வீட் தின்னும் மோனார்க் பட்டாம்பூச்சியின் புழு, உஸ்காரிடின் என்ற இன்னொரு கார்டினோலைடை உடம்புக்குள் கலாக்டின், கலோட்ரோபின் என்ற வேறு கார்டினோலைடுகளாக மாற்றிச் சேமித்துக்கொள்கிறது. கலோட்ரோபின் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? கலோட்ரோபிஸ், அதாவது எருக்கு. அமெரிக்காவில் ஒரு புழுவின் உடம்பில் சேரும் பொருளுக்கு நம் வீதியோரச் செடியின் பெயர் இருப்பதைப் படித்த அன்று நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

சிகிச்சை என்று பெரிதாக எதுவும் இல்லை. மாற்று மருந்து கிடையாது. செயலூட்டிய கரித்தூளைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டலாம், வயிற்றில் மீதி இருப்பதை அது பிடித்துக்கொள்ளும். ஆனால் வலிப்பில் கிடக்கும் ஆட்டுக்கு வாய்வழியாக எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். வலிப்பை அடக்க மயக்க ஊசி, தேவைப்பட்டால் திரவம், நிழல், அமைதி. விழாத ஆடுகளை விரட்டாமல் மெதுவாக அந்த இடத்தை விட்டு நகர்த்தி நல்ல தீவனம் போட வேண்டும். நூற்றுக்கணக்கில் விழுந்த மந்தையில் ஒருவர் எத்தனை ஆட்டுக்கு இதையெல்லாம் செய்ய முடியும்? அதனால்தான் அங்குள்ள அறிவுரைகளின் பெரும்பகுதி மருந்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஓட்டத்துக்கு முன்னால் தீவனம் போடு, பசித்த மந்தையைச் செடி நிற்கும் இடத்தில் நிறுத்தாதே, லாரியிலிருந்து இறக்கியவுடன் அவிழ்த்துவிடாதே என்பவைதான் அதிகம்.

பட்டாம்பூச்சி

கதையில் இப்போது ஒரு சிக்கல். மோனார்க் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு மில்க்வீட் தவிர வேறு உணவே இல்லை. அதன் செல்களில் உள்ள சோடியம் பம்பில் சில இடங்களில் அமினோ அமிலம் மாறியிருப்பதால் விஷம் அதில் எளிதில் ஒட்டுவதில்லை. நம் ஊரில் எருக்கில் முட்டையிடும் வெந்தய வரியன் இதன் நெருங்கிய உறவு, அதே பேரினம். மோனார்க் விஷத்தைச் சேர்த்து வைத்துக்கொள்வதால், அதைத் தின்ற ப்ளூ ஜே பறவை வாந்தி எடுத்துவிட்டு அடுத்த முறை கிட்டவே போவதில்லை என்பதை லிங்கன் பிரவர் 1960-களில் காட்டினார்.

மோனார்க் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு அதை அச்சுறுத்தலுக்குள்ளான உயிரினமாகப் பட்டியலில் சேர்க்க முன்மொழிந்தது. அதற்கு முன்பிருந்தே பள்ளிக்கூடம், சாலையோரம், வீட்டுத் தோட்டம் என்று எங்கும் மில்க்வீட் நடச் சொல்கிறார்கள். ஒரு தலைமுறை முன்னால் வேரோடு பிடுங்கச் சொன்ன செடியை இப்போது விதை வாங்கி நடுகிறார்கள். மேய்ச்சல்காரர்களின் எரிச்சல் எனக்குப் புரிகிறது, பட்டாம்பூச்சிக்காரர்களின் பதற்றமும் புரிகிறது. என் கட்சியைச் சொல்ல வேண்டுமென்றால், இரண்டு பக்கமும் சண்டை போடுமளவுக்கு இங்கே முரண் இல்லை. நட வேண்டியது ஷோயி மாதிரியான அகல இலை இனங்கள், நட வேண்டிய இடம் மந்தை நடக்காத, புல் அறுக்காத இடம். குதிரைவாலை யாரும் நட வேண்டியதில்லை, அது தானாகவே போதுமான அளவு வருகிறது. வாய்க்கால் கரையிலும் பட்டி ஓரத்திலும் வருவதை மட்டும் காய் வைப்பதற்கு முன் எடுத்துவிட்டால் போதும், அதுவும் ஒரே வருஷத்தில் தீராது. கீழே வேர் இருக்கிறதே.

தீவனக் கட்டு

பசிதான் காரணம் என்று இவ்வளவு நேரம் சொல்லிவந்தேன். அது உடையும் ஒரு இடம் உண்டு. காய்ந்த புல் கட்டு.

மில்க்வீட் திட்டு நிற்கும் வயலில் புல்லோடு சேர்த்து அறுத்து, காயவைத்து, கட்டிவிட்டால் ஆட்டின் மூக்குக்கு வேலை இல்லை. காய்ந்த செடியில் நெடி குறைந்திருக்கும், பால் உறைந்திருக்கும், இலை நொறுங்கி புல்லோடு கலந்திருக்கும். விஷம் மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பச்சையில் கிட்டவே போகாத குதிரை, கொட்டடியில் கட்டப்பட்டு, முன்னால் போட்டதைத் தின்கிறது. வயிறு நிறைந்த மிருகமும் மாட்டிக்கொள்கிறது. செடியே வளராத ஊரில், குளிர்காலத்தில், 200 மைல் தள்ளி வாங்கிய கட்டிலிருந்து கூட இது வரும். அங்கே போய் வேலியைச் சுற்றி நடந்து செடியைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

அதனால் கட்டைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கட்டில் எதுவும் இல்லாமல் அடுத்ததில் பிடி பிடியாக இருக்கலாம், ஏனென்றால் வயலிலேயே செடி திட்டாகத்தான் நின்றது. கயிற்றை அறுத்து, அடுக்கடுக்காகப் பிரித்து, வெயில் படும் இடத்தில் உதறுங்கள். புல்தண்டில் கணுவுக்கு ஒரு இலைதான் இருக்கும். மூன்று, நான்கு இலை வட்டமாக ஒட்டியிருந்த தழும்பு உள்ள தண்டு கிடைத்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். தாமதமாக அறுத்த புல்லாக இருந்தால் காயும் உள்ளே வந்திருக்கும். உதறும்போது இலவம்பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதாவது காற்றில் எழும்பினால், அந்த வயலிலிருந்து வந்த கட்டுகள் எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டு, தொட்டியில் ஏற்கெனவே போட்டதைக் கையால் வாரி வெளியே கொட்டுங்கள்.